முயல் நேத்து ராத்திரியிலிருந்து எதையும் தொடல, காலை வரை பொறுக்கலாமா?

பஞ்சு வீடு (புதன், இரவு 8.50)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க பாளையங்கோட்டை. வீட்டுல பஞ்சுன்னு ஒரு முயல், ஒன்றரை வயசு ஆண், வெள்ளை உடம்பு, செவத்த கண்ணு. ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல இருக்கும். நேத்து ராத்திரி கேரட் வெச்சேன், மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. காலையில முட்டைக்கோஸ், சாயங்காலம் கடையில வாங்குற பெல்லட், எதையும் தொடல. மூலையில முதுகைக் கூனிக்கிட்டு, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு உக்காந்திருக்கு. தட்டுல புழுக்கையும் நாலஞ்சுதான். எப்பவும் கொண்டைக்கடலை அளவு இருக்கும், இன்னிக்கு மிளகு மாதிரி. அதுல ரெண்டு, முடியில கோத்துத் தொங்குது.

நாங்க மாடியில இருக்கோம், மேல மொட்டை மாடி. அக்னி நட்சத்திரம் வேற. சூடு பிடிச்சிருக்கும்னு மத்தியானத்துல இருந்து ஈரத்துண்டு போட்டு வெச்சிருக்கேன். ஒரு நாள் பட்டினி கிடந்தா தானா சரியாயிடும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. பத்து வயசு மகள் கூண்டுப் பக்கத்துலயே உக்காந்து அழறா. காலை வரைக்கும் பாக்கலாமா?

சேலத்துக்காரன் (8.58)

பயப்படாதீங்க அக்கா. எங்க நாய்க்கு இப்படி இருந்தப்ப விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டோம், காலையில எந்திரிச்சு ஓடுச்சு. வயித்துக் கோளாறாத்தான் இருக்கும்.

முயல்வாசல் (9.06)

விளக்கெண்ணெய் வேண்டாம், தயவுசெய்து. சேலத்து நண்பர் நல்ல மனசோட சொல்றார், ஆனா நாய் வேற, முயல் வேற. முயலால வாந்தி எடுக்கவே முடியாது. உள்ள போனது கீழ் வழியாத்தான் வெளிய வரணும். அதனால அதோட குடல் ராத்திரி பகல் ஓடிக்கிட்டே இருக்கணும். ஓட்டம் நின்னா உள்ள இருக்கிறது காய்ஞ்சு இறுகும், வாயு கட்டும், வலிக்கும். வலியில இன்னும் சாப்பிடாது. ஏழு வருஷமா முயல் வளர்க்கிறேன், முதல் முயலை இப்படிக் காலை வரைக்கும் பாக்கலாம்னு விட்டுத்தான் இழந்தேன். பன்னெண்டு மணி நேரம் ஒண்ணுமே சாப்பிடலைன்னா அது அவசரம். உங்களுக்கு அது எப்பவோ தாண்டிடுச்சு.

இதுக்கு மட்டும் உடனே பதில் சொல்லுங்க. காது சூடா இருக்கா, சில்லுன்னு இருக்கா? வயிறு பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கா, பலூன் மாதிரி விறைச்சிருக்கா? பல்லை நறநறன்னு கடிக்குதா? தண்ணி குடிக்குதா?

பஞ்சு வீடு (9.17)

காது நல்லா சில்லுன்னு இருக்கு. வயிறு மாவு மாதிரிதான், விறைப்பு இல்லை. பல் கடிக்கிற சத்தம் காதை வெச்சுக் கேட்டா கேக்குது. தண்ணிக்குக் குறையே இல்லை, பாட்டில் நிறைய இருக்கு. திங்கக்கிழமை ரொப்பினது.

முயல்வாசல் (9.19)

திங்கக்கிழமை ரொப்பினது இன்னும் நிறையவே இருக்கா? பாட்டில் முனையில ஒரு சின்ன குண்டு இருக்கும் பாருங்க. அதை விரலால உள்ள தள்ளுங்க, சொட்டு வருதா?

பஞ்சு வீடு (9.26)

ஐயோ, வரல. குண்டு அசையவே இல்லை. முனையைச் சுத்தி வெள்ளையா உப்பு படிஞ்சு இறுகிக் கிடக்கு. எங்க போர் தண்ணி அப்படி, குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். ஊக்கால குத்தினப்புறம்தான் உருண்டுச்சு. பாட்டில் நிறைஞ்சிருக்கேன்னு நான் தினம் பாத்துப் பாத்து நிம்மதியா இருந்திருக்கேன். இந்த வெயில்ல ரெண்டு மூணு நாளா பிள்ளை தண்ணியே குடிக்கல.

முயல்வாசல் (9.34)

இப்ப அழ நேரமில்ல தோழி. ஈரத்துண்டை உடனே எடுங்க. காது சில்லுன்னு இருந்தா உடம்பு சூடு இறங்குதுன்னு அர்த்தம். வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வைங்க, சுடாம பாத்துக்குங்க. கனமான சட்டியில தண்ணி வெச்சு முகத்துகிட்ட நகர்த்துங்க. கொத்தமல்லித் தழை இருந்தா ஈரத்தோட ஒரு கொத்து. வாயில எதையும் திணிக்காதீங்க. உள்ள அடைப்பு இருந்து நாம ஊட்டினா ஆபத்து, அதை டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். வீட்டுல மிச்சம் இருக்கிற மாத்திரை எதுவும் வேண்டாம். அமாக்ஸிசிலின் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்தை வாய் வழியா குடுத்தா முயல் செத்தே கூட போயிடும், குடல்ல இருக்கிற நல்ல கிருமிகள் அழிஞ்சுடும்.

இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. போன்ல முதல் கேள்வியே "முயல் பாப்பீங்களா"ன்னு இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (9.41)

அம்மா, முயல்வாசல் சொன்னது அனைத்தும் சரி. இரவில் யாரும் கிடைக்காவிட்டால் விடிந்ததும் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், உங்களுக்குப் பக்கம்தான். கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். அந்த மிளகுப் புழுக்கையையும் ஒரு தாளில் மடித்து எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது பெரிய தடயம்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முயலுக்கு வியர்க்காது, காதில் ஓடும் இரத்தக் குழாய் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அது திணறும். மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் முயல் வளர்ப்பதற்குக் கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரைத் தேர்ந்ததில் காரணம் இருக்கிறது. நம் சமவெளியில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை அதற்கு அடுப்பு. குணமானதும் கீழே, தரையோடு தரையாக இடம் பார்த்துக் கொடுங்கள்.

பஞ்சு வீடு (வியாழன், மதியம் 1.15)

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு டாக்டர் கிடைச்சார். உடம்பு சூடு 37.4 தான் இருந்துச்சு, முயலுக்கு 38.5க்கு மேல இருக்கணுமாம். எக்ஸ்ரேயில அடைப்பு இல்லைன்னு வந்தப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. தோலுக்கு அடியில குளுக்கோஸ் தண்ணி மாதிரி ஏத்தினார், முதுகுல ஒரு மேடு எழும்பி மெல்ல மெல்ல அமுங்குச்சு. வலிக்கும் குடல் ஓட்டத்துக்கும் ஊசி. அடைப்பு இல்லாததால பெல்லட்டை ஊறவெச்சுக் கரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல முன்பல்லுக்குப் பின்னாடி இருக்கிற இடைவெளி வழியா பக்கவாட்டுல கொஞ்சம் கொஞ்சமா விடச் சொன்னார். நேரா விட்டா புரையேறுமாம்.

விடியக்காலை நாலரைக்கு ஒரே ஒரு புழுக்கை போட்டுச்சு. மகளை எழுப்பிக் காட்டினேன். இப்ப பதினாலு ஆகியிருக்கு, எண்ணிக்கிட்டிருக்கோம்.

முயல்வாசல் (1.32)

எண்ணுங்க, நல்லா எண்ணுங்க! இனி சாப்பாட்டை மாத்தணும். கேரட்ல இனிப்பு அதிகம், வாரம் ரெண்டு வில்லை போதும். முட்டைக்கோஸ் வாயு. தட்டுல முக்கால்வாசிக்கு மேல புல்லுதான் இருக்கணும். பல் வாழ்நாள் முழுக்க வளரும், புல்லை அரைச்சாத்தான் தேயும். முடி உதிர்ற காலத்துல நக்கி விழுங்குற முடியைத் தள்ளிக்கிட்டுப் போறதும் அந்த நார்தான். அதனால தினம் சீவியும் விடுங்க.

பஞ்சு வீடு (1.40)

டவுன்ல புல்லுக்கு எங்க போவேன் தோழி?

முயல்வாசல் (1.47)

பிள்ளையார் கோயில் வாசல்ல அருகம்புல் கட்டு விப்பாங்களே, அதுல தொடங்குங்க. நாலு தண்ணியில அலசி நிழல்ல உலர்த்தி வெச்சா உலர்புல். மாடு வெச்சிருக்கிறவங்ககிட்ட வேலிமசால், குதிரைமசால் கிடைக்கும், அது கொஞ்சமா. வைக்கோல்ல சத்து இல்லை, படுக்கைக்குப் போடலாம். எதையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, பத்து நாள்ல மெல்ல.

பஞ்சு வீடு (அடுத்த வெள்ளி, காலை 7.10)

கூண்டைக் கீழ் வீட்டு வராந்தாவுக்கு இறக்கிட்டோம். மத்தியானத்துல ஐஸ் பாட்டிலைத் துணியில சுத்தி வெச்சா அது மேல தாடையைச் சாச்சுப் படுத்துக்குது. புழுக்கை பழையபடி கொண்டைக்கடலை. ஒரு சந்தேகம்: விடியக்காலையில திராட்சைக் கொத்து மாதிரி மெத்துனு ஒண்ணு போட்டு அதையே தின்னுடுது. மாமியார் அருவருப்புப் படறாங்க.

முயல்வாசல் (7.25)

தின்னட்டும், தடுக்காதீங்க. அது வேற புழுக்கை, குடல்ல ஊறின சத்து அதுலதான் இருக்கு. திரும்பத் தின்னுதுன்னா வயிறு நல்லா இருக்கு. தண்ணி சட்டியா, பாட்டிலா?

பஞ்சு வீடு (7.31)

மண்சட்டி. மகள் காலையில ஒரு தடவை, பள்ளிக்கூடம் லீவுங்கிறதால மத்தியானம் ஒரு தடவை கழுவி ஊத்தறா. எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சட்டிக்குள்ள சாக்பீஸ்ல கோடு போட்டுப் பாத்தா, தண்ணியில அழிஞ்சு போச்சு. இப்ப ஊத்தறதையும் மிஞ்சறதையும் டம்ளரால அளந்து காலண்டர்ல எழுதறா.