மோட்டெட்: ஆல்ட்டோ அமுங்கிடுது, என்ன செய்யலாம்?

புதுச்சேரி, மிஷன் வீதி. கிறிஸ்துமஸுக்கு ஸ்பெயின் இசையமைப்பாளர் விக்டோரியாவோட 'ஓ மாக்னும் மிஸ்டேரியும்' பழகுறோம். 1572ல வந்த மோட்டெட், அதாவது நாலு குரல் லத்தீன் தேவாலயப் பாட்டு. மேல்குரல்லேருந்து கீழ்க்குரல் வரைக்கும் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பாஸ். சோப்ரானோ ப-ஸ-பன்னு இறங்கி ஏறி ஆரம்பிக்குது. அதையே எடுத்துக்கிட்டு நாங்க ஆல்ட்டோ நுழையறப்போ சத்தமே வெளிய கேக்கல. கீபோர்டு சேத்துக்கலாமா அண்ணா?

டெனார்_கடலூர்: வேணாம்மா, துணையில்லாம பாடினாதான் அழகு. புதுசா நுழையற குரல்தான் காதுல விழணும். நீங்க வந்ததும் சோப்ரானோவைத் தணியச் சொல்லுங்க. அப்புறம் டெனார், பாஸ் வர்றப்போ நீங்க தணியுங்க.

முத்தியால்பேட்டை: 'ஓ பெயாத்தா விர்கோ'ங்கிற வரியில நாலு குரலும் ஒண்ணா அசையும், எனக்கு உயிரே அந்த இடம்தான். அவசரப்படாம மூச்செடுங்க. அல்லேலூயால தாளம் மூணா மாறும், அங்க இழுக்காதீங்க.

கேட்டவர்: நன்றிண்ணா. ஞாயிறு பூசை முடிஞ்சதும் கீபோர்டு இல்லாம பாடிப் பாக்குறோம்.