புதுப்பிப்பு: ‘நான் யார்’ ஒட்டுப்படத்தில் மீன்வலை ஒட்டவில்லை, தீர்ந்தது

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களைப் பற்றிக் கலப்புப் பொருட்களில் படம் செய்யும்போது சார்ட் சுருள்கிறது, வலைத்துண்டு உதிர்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேலை செய்தது, தைத்துவிடச் சொன்ன யோசனைதான். சென்னையில் மீனவர்கள் வாழும் காசிமேட்டுப் பிள்ளைகள் கொண்டு வந்தது நைலான் வலை, வெள்ளைப் பசை உறிஞ்சும் பரப்பில்தான் நன்றாகப் பிடிக்கும், அதனால் எவ்வளவு ஊற்றினாலும் காய்ந்ததும் உரிந்து வந்துவிடுகிறது. சார்ட்டை விட்டுவிட்டு மளிகைக் கடை அட்டைப்பெட்டியை வெட்டி, கோணி ஊசியால் துளை போட்டு நூலால் கட்டினோம். துணிக்குக் கெட்டிப் பசை, காகிதத்துக்குத் தண்ணீர் கலந்தது. அட்டையின் பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டச் சொன்னவர் சொன்னது சரி, காயும்போது தாள் இரண்டு பக்கமும் இழுப்பதால் வளைவு குறைந்தது.

எதிர்பாராதது புகைப்படம். ஆல்பத்துப் படத்தை வெட்ட வேண்டாம், நகல் எடுங்கள் என்றேன். நீர் மை தெளிக்கும் இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தவை பசை பட்டதும் மை கலங்கிவிட்டன, ஜெராக்ஸ் கடை நகல்கள் அப்படியே நின்றன, அதில் உள்ள டோனர் என்ற பொடி மை தண்ணீரில் கரையாதே. கலங்கிய முகத்தை மாற்ற ஒரு பெண் ஒத்துக்கொள்ளவே இல்லை, “இருக்கட்டும் மிஸ், இதுதான் என்னை மாதிரி இருக்கு” என்றாள். பாதிப் பேர் முகத்தை விட்டுவிட்டுத் தங்கள் தெருவையே செய்தார்கள், எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது.

அப்புறம், சிப்பி கொண்டு வரச் சொன்னால் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வகுப்பே நாறும்.