வசூல் போன் தொல்லை: கொழிஞ்சாம்பாறை பக்கத்துக்காரங்க உதவுங்க

வங்கிக் கடன் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிக் கிளையில், குடியிருப்பு கேரளாவில், பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில். இரண்டு தவணை பாக்கி, அதை மறுக்கலை. ஆனா வசூல் ஆள் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுறார், மாமனாருக்கும் போன் போகுது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் சொன்னபடி காலை 8-க்கு முன்னாடியும் சாயங்காலம் 7-க்கு அப்புறமும் கூப்பிடக் கூடாது. உறவுக்காரங்களைத் தொந்தரவு பண்ணவும் கூடாது. நம்பரை பிளாக் பண்ணலை. பண்ணினா வேற நம்பர்ல வருவாங்க, ஆதாரமும் சிதறிப்போகும். கால் லிஸ்ட் ஸ்கிரீன்ஷாட், ஆடியோ எல்லாம் தேதி வாரியா இருக்கு. வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு ஈமெயில் போயாச்சு (வாய்வார்த்தையா சொன்னா நாள் கணக்கு நிக்காது). 30 நாளில் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன்தான் (வங்கிகள் மேல வர்ற புகாரை விசாரிக்கிறவர்).

தெரிய வேண்டியது இதுதான்: இந்த போன் மிரட்டலுக்கு இங்கே போலீஸ் ஸ்டேஷன்ல தமிழ் மனு வாங்குறாங்களா, மலையாளத்துல எழுதணுமா? கொடுத்து ரசீது வாங்கினவங்க சொல்லுங்க.