சைக்ளோன் டெய்லர்: 12 ஆட்டத்துக்கு 5,250 டாலரா?

இலுப்பையூரணி:
கோவில்பட்டிக்காரனுக்கு டர்ஃப் ஹாக்கி அத்துப்படி, ஐஸ் ஹாக்கிதான் பிடிபடல. கனடா ஐஸ் ஹாக்கி வீரர் ஃபிரெட் ‘சைக்ளோன்’ டெய்லர் 1909-10ல 12 ஆட்டத்துக்கு 5,250 டாலர் வாங்குனாருன்னு சொல்லுதாவ. ரென்ஃப்ரூங்கிற சின்ன ஊர் கிளப்புக்கு அவ்வளவு துட்டு ஏது? அவர் ஆடுன இடம் ரோவராம், அது நம்ம ஆட்டத்துல எந்த இடம்? அந்தச் சம்பளத்துலயே காலத்த ஓட்டிட்டாரா?

பேட்டை:
தொகை சரிதான் அண்ணாச்சி. ஆனா அது டிக்கெட் வசூல் இல்ல, ஓபிரையன் குடும்பத்தோட கோபால்ட் வெள்ளிச் சுரங்கத் துட்டு. அதனாலயே கிளப் நிலைக்கல. ஐஸ் ஹாக்கியோட பெரிய பரிசான ஸ்டான்லி கோப்பை 1910ல மான்ட்ரியல் வாண்டரர்ஸுக்குப் போச்சு, 1911 சீசனோட கிளப்பும் முடிஞ்சுது. டெய்லர் முதல்ல வெளிப்படையாச் சம்பளம் வாங்குனது 1906ல, மிச்சிகன் ஹூட்டன்ல, போர்டேஜ் லேக்ஸ் அணியில. 1909ல ஆட்டவா அணியில ஆடி ஸ்டான்லி கோப்பை வாங்குனாரு.

மேலப்பாளையம்:
அப்ப ஒரு பக்கம் 7 பேர்: கோலி, தடுப்புக்கு பாயிண்ட், கவர் பாயிண்ட்னு ரெண்டு பேர், நடுவுல ரோவர், முன்னால மூணு பேர். ரோவர நம்ம சென்டர் ஹாஃப்னு வச்சுக்கலாம், ஆனா இடக்கட்டுப்பாடு கிடையாது. முன்பக்கம் பாஸ் குடுத்தா ஆஃப்சைடு. அதான் பக்கைத் தானே தள்ளிக்கிட்டு ஓடுறவனுக்கு அந்த விலை. பக்னா பந்துக்குப் பதிலா வர்ற ரப்பர் வில்லை, 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம், 156-170 கிராம். நம்ம பந்து 156-163. எடை ஏறக்குறைய ஒண்ணுதான் வே! பக் துள்ளாம இருக்க அத உறைய வச்சு எடுப்பாங்க.

இயற்கைப் பனி மார்ச்ல இளகிக் கூழாயிரும். டெய்லர் பிறகு ஆடப்போன வான்கூவர்ல குளிரே கம்மி. அங்க ஆட்டத்த நடத்துன பாட்ரிக் சகோதரர்கள் 1911ல ஆடுகளத் தரைக்கடியில குழாய் பதிச்சு, குளிர வச்ச உப்புத்தண்ணிய ஓட்டுனாங்க. வெறுந்தண்ணின்னா குழாய்லயே உறைஞ்சு அடைச்சிரும்.

பேட்டை:
மூணாவது கேள்விக்கு: இல்ல. ஆட்டம் குளிர்காலத்துக்கு மட்டும். மத்த நாளைக்கு அவர் கனடா அரசோட குடிவரவுத் துறை ஊழியர். 1914 மே 23 வான்கூவருக்கு கோமகாட்டா மாரு கப்பல் வந்துச்சே, 376 இந்தியர்களோட, அதுல ஏறுன அதிகாரிகள்ல இவரும் ஒருத்தர். ஜூலை 23 கப்பலத் திருப்பி அனுப்பிட்டாங்க. நம்ம ஆளுங்க இவரப் பத்திப் பேசும்போது இத விடக்கூடாது.

அடுத்த மார்ச்ல அதே ஊர்ல ஆட்டவாவ 6-2, 8-3, 12-3ன்னு அடிச்சு வான்கூவர் அணி ஸ்டான்லி கோப்பை வாங்குச்சு, இவரும் ஆடுனார்.

மேலப்பாளையம்:
ஒரு சேர்க்கை. அந்த ரெண்டாவது ஆட்டம் ஆட்டவா பக்கத்து, அதாவது கிழக்குக் கனடா விதிப்படி, ஒரு பக்கம் 6 பேர். அதுல ரோவரே கிடையாது.