சிக்கனம் மனித இயல்பா?

கானாடுகாத்தான் வாசகர்:
பொருள் சேர்க்கும் ஆசை மனித இயல்பு என்றும், நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அதைச் சிக்கனத்தால் நெறிப்படுத்தினார்கள் என்றும் பள்ளத்தூர் ஆச்சி எழுதியிருந்தார்கள். நான் மறுக்கிறேன். மணமான மகனை ஒரே வளவுக்குள், அதாவது ஒரே வீட்டுக்குள், தனிக்குடும்பமாக வேறு வைத்து, தனி அடுப்புக்கு ஆண்டுப்படி அளந்து கொடுத்து, கோயில் வரிக்குத் தனிப் புள்ளியாக, அதாவது வரி கட்டும் தனிக் குடும்பமாக, கணக்கெழுதும் ஏற்பாடுதான் அந்தச் சிக்கனத்தை உண்டாக்கியது. ஏற்பாடு முந்தியது, குணம் பிந்தியது. மனித சாரம் தனிமனிதருக்குள் உறையும் பொருள் அன்று, அது சமூக உறவுகளின் தொகுப்பு என்று ஜெர்மன் மெய்யியலாளர் ஃபாயர்பாக் பற்றிய ஆறாவது குறிப்பில் மார்க்ஸ் 1845-இல் எழுதியதன் பொருள் இதுவே. 'மனிதன்' என்ற கருத்தை வைத்து வரலாற்றை விளக்க முடியாது என்று பிரெஞ்சு மார்க்சிய மெய்யியலாளர் அல்தூசர் 1960-களில் வாதிட்டதும் இதிலிருந்துதான்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, நானே வேறு வைக்கப்பட்டு வாழ்ந்தவள். அளந்த அரிசி தீர்ந்த நாளில் பக்கத்து அடுப்பிலிருந்து என் பிள்ளைக்குக் குழம்பும் சோறும் வந்தன. அதை யாரும் பேரேட்டில் பற்று எழுதவில்லை. அந்த இரக்கத்தை எந்த ஏற்பாடு உண்டாக்கியது?

இன்னொன்றும் கேட்கிறேன். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்கடை நடத்திய நம் நகரத்தார் கையில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நிலம் 1938-க்குள் 25 விழுக்காடானது. நிலம் இழந்த உழவனுக்கு நேர்ந்தது தீங்கு என்று நீங்களும் சொல்வீர்கள். அவன் வெறும் உறவுகளின் தொகுப்பு என்றால், அவனுள் காயப்பட்டது எது? பயன்பாட்டுவாதம் பேசிய ஆங்கில மெய்யியலாளர் பெந்தாமைக் கண்டிக்கும்போது மார்க்ஸே 'மூலதனம்' முதல் பாகத்தில், பொதுவான மனித இயல்பை முதலில் ஆராய வேண்டும், பிறகு ஒவ்வொரு காலத்திலும் அது கொள்ளும் மாற்றத்தை ஆராய வேண்டும் என்கிறார். அரசியல் கோட்பாட்டாளர் நார்மன் ஜெராஸ் 1983-இல் ஆறாவது குறிப்பையே எடுத்து, மார்க்ஸ் மனித இயல்பை மறுக்கவில்லை என்று நிறுவ முயன்றதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

கானாடுகாத்தான் வாசகர்:
ஆச்சி, பசியையும் உடலையும் பொருள்முதல்வாதி மறுப்பதில்லை; காயப்பட்டது அந்த உடலும் அதன் பிழைப்பும்தான். ஆனால் உங்கள் கணக்கே என் பக்கம் நிற்கிறது. ஆசை இயல்பு என்றால் அது 1930-க்கு முன்பும் இருந்திருக்கும். அப்போது நிலம் ஏன் அப்படிச் சேரவில்லை? வட்டிக்கடைக்குக் கைமாறும் பணம்தான் வேண்டும், முடங்கும் வயல் அன்று. நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போனதால்தான் அடமான நிலம் வந்து சேர்ந்தது. கடையை நடத்திய அதே மேலாட்கள், அதே குணம், மாறியது விலை.

பள்ளத்தூர் ஆச்சி:
நிலம் சேர்ந்த காரணத்தை ஒப்புகிறேன், தம்பி. ஆசை பற்றிய என் கூற்று அங்கே நிற்காது. இரக்கம் பற்றிய கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.