நான்காவது இலக்கத்துக்குப் பதில் சொன்னவன்

கல்லடியிலிருந்து:

அப்பா 1942 இல் திருகோணமலையில் காவற்பணியில் இருந்த சிப்பாய். ஏப்ரல் 9 ஆந் திகதி, யப்பானியர் தாக்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எரிந்த புகையைத் தன் கண்ணாலேயே கண்டதாகச் சொல்லுவார். படையை விட்டு வந்த பின்பும் இரவில் கதவைத் தாழிட்டதும் "நம்பர்!" என்று ஒரு குரல் கொடுப்பார், பிள்ளைகள் நால்வரும் பாயில் கிடந்தபடியே வண், டூ, த்ரீ, ஃபோர் என்று சொல்லி முடித்தால்தான் நுளம்பு வலையை இழுத்துச் செருகிவிட்டுப் படுப்பார். நான் த்ரீ, தம்பி ஃபோர்.

1978 இல் மட்டக்களப்பைத் தாக்கிய புயலை இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நவம்பர் 23 இரவு கூரைத் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறக்க, கட்டிலின் கீழ் எங்களை அடுக்கிவிட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றவாறே விடியும்வரை அவர் இலக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். காற்றின் இரைச்சலில் தம்பியின் குரல் கேளாவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார்.

1990 இல் வெளியே போன தம்பி திரும்பி வரவில்லை. அப்பா அதன் பிறகும் இலக்கம் கேட்பதை நிறுத்தவில்லை. அக்காவும் அண்ணனும் மணமுடித்து வேறிடம் போய்விட்டதால், அவர்களுக்காக அவரே வண், டூ சொல்லுவார். நான் த்ரீ சொல்லுவேன். பிறகு குப்பி விளக்கைத் தணிக்காமல் காத்திருப்பார். ஆறு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. அவருடைய கடைசி மாதத்தில் ஓரிரவு, அந்தக் காத்திருப்பைப் பொறுக்கமாட்டாமல், குரலைச் சற்று மெலிதாக்கி நானே "ஃபோர்" என்றேன். அப்படிச் சொன்னது சரிதானா என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

மருதமுனையிலிருந்து:

என் வாப்பா சுதந்திரத்துக்குப் பின் படையில் சேர்ந்தவர். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவராதலால், விடுமுறையில் வந்து சப்பாத்தைக் கழற்றியதும், படைக் காற்சட்டையோடே வாப்பும்மாவின் பழைய தறிக் குழியில் இறங்கிவிடுவார். என் கல்யாணப் புடவையை ஒரு விடுமுறைக்கு இரண்டு முழம், அடுத்த விடுமுறைக்கு ஒன்றரை முழம் என்று அவரே நெய்து முடித்தார். அதை விரித்து வெயிலுக்குப் பிடித்தால், ஓரிடத்தில் இழை நெருங்கியும் அடுத்த இடத்தில் சற்றுத் தளர்ந்தும் இருப்பதால், எந்த இடத்தில் விடுமுறை முடிந்து வண்டியேறினார் என்பதை விரலால் தடவியே சொல்லிவிடலாம். கடைசி ஒரு சாண் மட்டும் மிக நெருக்கமானது. அம்முறை அவருக்குக் கூடுதலாக நாட்கள் கிடைத்தனவா, அல்லது கோபத்தில் அடித்தாரா என்று நான் கேட்காமலே விட்டுவிட்டேன்.

கல்லடியிலிருந்து எழுதிய தம்பி குறை நினைக்கக் கூடாது. காத்திருந்த ஒரு தகப்பனிடம் வராத பிள்ளையின் குரலில் பதில் சொன்னதை என் மனம் ஏற்கவில்லை. அந்தக் காத்திருப்பு அவருக்கு உரியது.

செங்கலடியிலிருந்து:

மேலே எழுதிய சகோதரி, எழுபது வயதைக் கடந்தவர் அருகே இரவிரவாக இருந்து பார்த்ததில்லைப் போலும். அப்படி இருந்தவர்கள் இதைத் தவறென்று சொல்லமாட்டார்கள். என் பெரியப்பாவும் அக்காலத்துச் சிப்பாய்தான். எங்களுக்குச் சப்பாத்துக் கயிறு கட்டப் பழக்கியவர். என் கதை அவ்வளவே.

ஆயினும் ஒரு திருத்தம். ஹேர்மிஸ் முதல்நாள் இரவே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேறிவிட்டது. மூழ்கியது நம் மட்டக்களப்புக் கடலில். திருகோணமலையில் நின்றவர் அதைக் கண்டிருக்க முடியாது. அன்று திருகோணமலையை அடுத்த சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றில் யப்பானிய விமானம் மோதியதில் அது பல நாட்கள் எரிந்தது. உங்கள் தந்தையார் கண்ட புகை அதுவாகத்தான் இருக்கும்.

அவருடைய பத்திரங்கள் இருந்தால் தயவுசெய்து லமினேட் செய்ய வேண்டாம்; ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு தாளுக்குச் சேதமின்றிப் பிரிக்க இயலாது. பகல் வெளிச்சத்தில், நேர்வெயில் படாமல், இரு பக்கமும் படமெடுத்து, பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை அகற்றுங்கள். நம் ஊர் உப்புக்காற்றுக்குத் தகரப் பெட்டி ஆகாது. பதக்கம் இருந்தால் பிரசோ என்ற உலோக மெருகுத் திரவம் போட்டுத் தேய்க்காதீர்கள். பிரித்தானியா வழங்கிய இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படவில்லை ஆதலால், யாருடையது என்பதை ஒரு துண்டில் எழுதி உடன் வையுங்கள். இது முக்கியம்.

மீண்டும் கல்லடியிலிருந்து:

புகை பற்றிய திருத்தத்துக்கு நன்றி, சரியாகவே இருக்கலாம். பத்திரமும் பதக்கமும் இல்லை. பெட்டியோடு அவை புயலில் போயின.

சகோதரிக்காக, முன்பு எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். நான் "ஃபோர்" என்றதும் அப்பா உடனே விளக்கைத் தணிக்கவில்லை. சிறிது நேரம் என் பக்கம் பார்த்திருந்துவிட்டு, "ஃபோர் ஏன் த்ரீயின் இடத்தில் நிற்கிறான்?" என்று கேட்டார். நான் எழுந்து, சுவரோரமாகத் தம்பி படுக்கும் இடத்துக்குப் பாயை இழுத்துப் போட்டேன். அதன் பிறகே வலையைச் செருகினார்.