பப்பாசி இலைச் சாறும் புற்றுநோய்க் கலத்தின் போர்வையும்

ஆய்வுக்கூடப் பூனை: "பப்பாசி இலைச் சாறு குடித்தால் குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) கூடும், கூடினால் புற்றுநோய் பரவாது" என்று கொட்டாஞ்சேனைக்காரன் எழுதியிருக்கிறார். வாசித்ததும் எரிச்சல்தான் வந்தது. பரவும் புற்றுநோய்க் கலங்கள் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பான நிர்ப்பீடனத்திடமிருந்து எப்படித் தப்புகின்றன என்பதுதான் என் கலாநிதிப் பட்ட ஆய்வு. கட்டியிலிருந்து கழன்று குருதிக்குள் வரும் கலத்தைச் சுற்றிச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் போர்வைக்குள் இருப்பதை, கெட்டுப்போன கலங்களைத் தேடிக் கொல்லும் நிர்ப்பீடனக் கலங்களான இயற்கைக் கொல்லிக் கலங்கள் எளிதில் கண்டுபிடிப்பதில்லை. நீங்கள் சொல்வதற்கு நேரெதிர்.

கொட்டாஞ்சேனைக்காரன்: டெங்கு வந்து சிறுதட்டு இறங்கியவர் வீட்டில் போய் இதைச் சொல்லுங்கள் தங்கச்சி. உயிரைக் காப்பாற்றுகிற சாமான் புற்றுநோய்க்குக் காவலா?

ஆய்வுக்கூடப் பூனை: நான் தங்கச்சி என்று யார் சொன்னது? குருதியை உறையவைப்பது சிறுதட்டின் வேலை. புற்றுநோய் அதையே தனக்கு வசதியாக்கிக்கொள்கிறது. எலிகளில் சிறுதட்டைக் குறைத்தபோது பரவலும் குறைந்ததை 1968 இலேயே காட்டிவிட்டார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்: நான் எலியா?

பாமன்கடை வாசி: இரண்டு பேரும் சிறுதட்டை விட்டு நகர மாட்டீர்களா? 2018 இல் விஞ்ஞானிகள் அலிசனும் ஹொன்ஜோவும் மருத்துவ நோபல் பரிசு வாங்கியது, புற்றுநோயைத் தாக்கும் டீ கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்களின் தடையை நீக்கும் வழிக்கு. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஆய்வுக்கூடப் பூனை: அது சிடிஎல்ஏ-4, பிடி-1 கதை, டீ கலத்துக்குத் தடைபோடும் புரதங்கள். புற்றுநோய்க் கலம் தன் அடையாள அட்டை போன்ற எம்எச்சி மூலக்கூறை மறைத்தாலும் டீ கலத்துக்கு ஆள் தெரியாது. ஆனால் அது இல்லாததாலேயே கொல்லிக் கலம் சந்தேகப்படும். அந்த இடத்தில் கைகொடுப்பது யார்? சிறுதட்டுத்தான்! தன் எம்எச்சியைப் புற்றுநோய்க் கலத்தின் மேல் ஏற்றிவிடுவதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். டீஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தையும் சுரந்து கொல்லிக் கலத்தை மந்தமாக்குகிறது.

பாமன்கடை வாசி: போன முறை நுளம்பு விடயத்திலும் இப்படித்தான் வகுப்பெடுத்தீர்கள். யாரும் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடப் பூனை: கேட்காதவர்கள்தான் சாறு குடிக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்: படித்த திமிர். என் மாமி சாறு குடித்துத்தான் எழும்பினார்.

ஆய்வுக்கூடப் பூனை: மாமிக்குப் புற்றுநோயா, டெங்குவா?

கொட்டாஞ்சேனைக்காரன்: டெங்கு. அதற்கென்ன?

வெள்ளவத்தை அக்கா: காலி வீதியில் பப்பாசி இலை எங்கே கிடைக்கும்?

ஆய்வுக்கூடப் பூனை: அக்கா, தயவுசெய்து! மகரகமப் புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை எடுப்பவர்கள் யாராவது இதை நம்பி மருந்தை நிறுத்திவிடப் போகிறார்கள். சாறு புற்றுநோய்ப் பரவலைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே?

கொட்டாஞ்சேனைக்காரன்: முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள். சிறுதட்டு கெட்டது என்றால் டெங்குக்காரருக்கு அதை ஏன் ஏற்றுகிறார்கள்?

ஆய்வுக்கூடப் பூனை: கெட்டது என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய் வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்: வாசித்தேன். போர்வை என்று எழுதியிருக்கிறீர்கள்.